மூன்று கம்ப்யூட்டர்களுக்காக நின்றுபோன வரிசை

மைக்ரோகண்ட்ரோலர்களுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுவது என் தொழில். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என் மேசைக்குக் கொண்டுவரும் சிக்கல்களில் ஒன்று மட்டும் மறுபடி மறுபடி வரும். சுவிட்சை அழுத்தினால் மின்னழுத்தம் 0-க்கு இறங்குவதை ஆஸிலோஸ்கோப் தெளிவாகக் காட்டும். ஆனாலும் புரோகிராம் ‘இஃப்’ பகுதிக்குள் நுழையாது. சுவிட்சை மாற்றுவார்கள், மறுபடி சால்டர் வைப்பார்கள், புல்-அப் ரெசிஸ்டரைச் சந்தேகிப்பார்கள். நான் அந்த இஃப் வரியைக் காட்டச் சொல்வேன். பெரும்பாலும் இப்படி இருக்கும்:

(போர்ட் & 4 == 0)

வலமிருந்து மூன்றாவது பிட் 0 ஆகிவிட்டதா என்று கேட்பதுதான் எழுதியவரின் எண்ணம். கம்பைலரோ == குறியை முதலில் எடுத்துக்கொள்கிறது. 4-உம் 0-உம் சமமில்லை, எனவே விடை 0. 0-உடன் எதை & செய்தாலும் 0 தான். சுவிட்சை எத்தனை முறை அழுத்தினாலும் இந்த நிபந்தனை நிறைவேறாது.

இதன் வேர் 1970-களின் தொடக்கத்தில், நியூ ஜெர்சியின் மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் இருக்கிறது. கென் தாம்சன் உருவாக்கிய பி மொழியில் நிபந்தனைகளை இணைப்பதற்கான தனிக் குறியான && கிடையாது. பிட் கணக்குக்கும் & தான்; இஃபுக்குள் ‘இதுவும் அதுவும்’ என்று கேட்கவும் அதே & தான். இரண்டு ஒப்பீடுகளை & கொண்டு இணைக்கும்போது ஒப்பீடுகள் முதலில் முடிந்தாக வேண்டும். அதனால் & பின்வரிசையில் நின்றது நியாயமே.

பி-யை சி-யாக வளர்த்த டென்னிஸ் ரிச்சி, ஆலன் ஸ்னைடரின் யோசனையை ஏற்று &&, || இரண்டையும் சேர்த்தார். பிட் வேலை மட்டுமே மிஞ்சிய & குறியை அப்போதே ==-க்கு முன்னால் ஏற்றியிருக்கலாம். ஏற்கெனவே எழுதிய புரோகிராம்கள் கெட்டுப்போகுமே என்று விட்டுவிட்டார்கள். அன்று அவர்களிடம் இருந்தவை சில நூறு கிலோபைட் புரோகிராம்கள். அவை ஓடிய இடங்கள் ஏறத்தாழ மூன்று. 1982-இல் ரிச்சியே இதை எழுதி, மாற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னார்.

அதன்பின் சி பரவிய வேகத்தில் மாற்றம் கைமீறிப்போனது. காவல்தான் போட முடிந்தது. வாகன மென்பொருளுக்காக 1998-இல் வந்த மிஸ்ரா விதிகள், ஆபரேட்டர் வரிசையை நம்பி எழுதாதீர்கள் என்றன. ஜிசிசி கம்பைலரில் எச்சரிக்கைகளைத் திறந்துவைத்தால், இந்த இடத்தில் அடைப்புக்குறி போடும்படி அது சொல்லும். 2009-இல் வெளியான கோ மொழியில் & குறி ==-க்கு முன்னால் வந்துவிட்டது. அந்த மொழியை வடிவமைத்த மூவரில் கென் தாம்சனும் ஒருவர்.

இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் நான் விடுவதில்லை. ‘(போர்ட் & 4) == 0’ என்று எழுதுங்கள் என்பது வெறும் விதியாக இருந்தால் அவசரத்தில் மறந்துவிடும். காரணம் தெரிந்தவர், சால்டரிங் அயர்னை எடுப்பதற்கு முன் இஃப் வரியைப் படிப்பார்.