ஒரு பிடி அரிசி



கொள்ளிடக் கரையில் வாழும் நமக்கு நெல்லின் அருமை தெரியும். அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கி ஒரு வேளைக் கஞ்சிக்கு வழி தேடிய ஏழைகளைத் திருமானூர் பகுதியின் மூத்தோர் அறிவர். இன்று அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. கதிர் பொறுக்கும் கைகளுக்கு வேலை குறைந்துவிட்டது. அப்படியானால் ஏழைக்குரிய பங்கை நாம் எங்கே வைத்திருக்கிறோம்?

விவிலியம் காட்டும் வழி

வயலின் ஓரத்தை அறுக்காமல், சிந்தியதைப் பொறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்பது ஆண்டவரின் கட்டளை (லேவியர் 19:9-10). போவாசு ஒரு படி மேலே செல்கிறார். அரிக்கட்டிலிருந்தே சில கதிர்களை உருவி, ரூத்து எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிடச் சொல்கிறார் (ரூத்து 2:15-16). ரூத்து கையேந்தவில்லை, உழைத்துச் சேர்த்துக்கொண்டு வீடு திரும்புகிறார்.

சாரிபாத்துக் கைம்பெண்ணிடம் இருந்தது ஒரு கை மாவும் சிறிது எண்ணெயும்தான். பஞ்சக் காலத்தில் அதிலிருந்து முதல் அப்பத்தை எலியாவுக்குக் கொடுத்தார் (1 அரசர் 17:8-16). மிஞ்சியதைக் கொடுப்பது ஈகை அல்ல; முதலிலேயே எடுத்து வைப்பதுதான் ஈகை.

மிசோரம் தரும் பாடம்

நம் நாட்டின் மிசோரம் மாநிலத்தில் பிரெஸ்பிட்டேரியன் சபைச் சகோதரிகள் 1910-ஆம் ஆண்டு ஒரு பழக்கத்தைத் தொடங்கினார்கள். சோறு சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதை ஆலயத்தில் சேர்த்து, விற்று, இறைப்பணிக்குப் பயன்படுத்துவார்கள். அந்தச் சிறு பிடி இன்று ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாயாகப் பெருகியுள்ளது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் செல்வர்கள் அல்லர்.

நம் கணக்கையும் பார்ப்போம். ஒரு பிடி ஏறத்தாழ 50 கிராம். முப்பது குடும்பங்கள் உள்ள ஓர் அன்பியத்தில் நாளுக்கு ஒரு பிடி எடுத்து வைத்தால், மாத முடிவில் 45 கிலோ அரிசி சேரும்.

நம் குறை

திருவிழா நன்கொடையாளர் பெயரை ஒலிபெருக்கியில் நீட்டி வாசிக்கிறோம். குருக்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. ஐந்து கிலோ அரிசி கொடுத்து, வாங்குபவரை நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அவருடைய பிள்ளை அதைப் பார்க்கும்போது என்ன நினைக்கும்? வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று ஆண்டவர் சொன்னது இதற்காகத்தான் (மத்தேயு 6:1-4).

அன்றாட வாழ்வில்

முதலாவது, நீதி. வேலையாளின் கூலியை அன்றே கொடுப்போம் (லேவியர் 19:13). கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு காணிக்கை போடுவதில் பொருள் இல்லை.

இரண்டாவது, மறைவு. அன்பியத்தில் சேரும் அரிசி யாருக்குச் செல்கிறது என்பது இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

மூன்றாவது, எல்லை தாண்டுதல். நம் தெரு, நம் சாதி, நம் சபை என்று நின்றுவிட்டால் நல்ல சமாரியர் உவமையை நாம் இன்னும் கேட்கவில்லை (லூக்கா 10:25-37).

நான்காவது, நேரம். பிள்ளைகள் திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ பிழைக்கப் போனபின் தனித்திருக்கும் முதியவருக்குப் பணத்தைவிட அரைமணிப் பேச்சு பெரிது.

அன்புப்பணி பிறர் பொறுப்பில் விட்டுவிடக்கூடிய கூடுதல் வேலை அல்ல, இறைவார்த்தையையும் அருளடையாளங்களையும் போலத் திருச்சபையின் இயல்பிலேயே உள்ளது என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005-இல் தம் முதல் சுற்றுமடலில் கற்பித்தார்.

நம் அருகிலுள்ள ஏலாக்குறிச்சியை வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று அழைத்தார். அங்கே அடைக்கல அன்னையை நாடி நாம் நம் கவலைகளோடு செல்கிறோம். நம் வாசலுக்கு அடைக்கலம் தேடி வருபவரை எப்படி வரவேற்கிறோம்?

இன்று உலை வைக்கும் முன் ஒரு பிடி எடுத்து வைப்போமா? மாவும் எண்ணெயும் குறையாமல் காத்த இறைவன் நம் இல்லங்களையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!