டச்சு நீள்சொற்கள்: அசை பிரிப்பும் அழுத்தமும்

டச்சு மொழியில் பல சொற்கள் சேர்ந்தாலும் இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுதுவதே மரபு. நெதர்லாந்தில் 1967இல் நடைமுறைக்கு வந்த, வேலை செய்ய இயலாதோருக்கான காப்பீட்டுச் சட்டத்தின் பெயரில் டச்சு எழுத்தில் 33 எழுத்துகள் கொண்ட ஒரு சொல் உண்டு. இத்தகைய சொல்லை வரி முடிவில் எங்கே உடைப்பது, எந்த அசையை அழுத்தி ஒலிப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை, உறுப்புச் சொற்கள் சேரும் மூட்டிலேயே கிடைக்கிறது.

தனிச்சொல் ஒலியின்படி பிரியும்: 'வா-டெர்' (தண்ணீர்). கூட்டுச்சொல் மூட்டில் பிரியும்: 'ஆவொண்ட்-ஏடென்' (இரவுணவு). மாலையைக் குறிக்கும் முதல் உறுப்பு 'd' எழுத்தில் முடிந்தாலும், சொல்லிறுதியில் அது வல்லொலியான 't' ஆகவே ஒலிக்கும். அடுத்து உயிரெழுத்து வந்தாலும் அந்த ஒலி மாறுவதில்லை. இரு உறுப்புகளை இணைக்கும் 's' முன்னுறுப்போடு நிற்கும். பெரும்பாலும் முதல் உறுப்பே முதன்மை அழுத்தம் பெறும்; மற்றவை அதைவிடத் தணிந்து ஒலிக்கும். 'ஸ்டாட்-ஹாய்ஸ்' (நகர மன்றக் கட்டடம்) இதற்கு விலக்கு. அங்கே அழுத்தம் இரண்டாம் உறுப்பில் விழுகிறது.

இந்த மூட்டு எழுத்திலும் தெளிவாகத் தெரிய எழுத்து முறை துணை செய்தது. லைடன் பேராசிரியர் மத்தைஸ் சீகன்பேக் வகுத்த முறை 1804இல் முதல் அரசு எழுத்து முறையானது. பேரகராதிப் பணிக்காக த ஃபிரீஸும் த விங்கலும் 1863இல் புதிய முறை வகுத்தனர். அதை பெல்ஜியம் 1864இலும் நெதர்லாந்து 1883இலும் ஏற்றன. ஒரு சொல் எங்கே வந்தாலும் ஒரே வடிவில் எழுதப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. அதனால் 't' என ஒலித்தாலும் 'd' என எழுதப்பட்டது; கூட்டுக்குள்ளும் உறுப்பு அடையாளம் இழக்கவில்லை.

1954இல் 'பச்சைப் புத்தகம்' எனப் பெயர் பெற்ற அதிகாரப்பூர்வச் சொற்பட்டியல் வெளிவந்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம், கூட்டுச்சொல்லின் மூட்டில் உயிரெழுத்துகள் மோதும்போது மேற்புள்ளிகளுக்குப் பதிலாகச் சிறுகோடு இடச் செய்தது. 'ஸே-ஏண்ட்' (கடல்வாத்து) என்ற சொல்லில் மூட்டு இப்போது கண்ணுக்கே தெரிகிறது.

கணினி அச்சுக்கோப்பு வந்தபோது மூட்டைக் கண்டறிவது இயந்திரத்தின் பொறுப்பானது. ஹூகோ பிரான்ட் கோர்ஸ்டியஸ் டச்சுச் சொற்களை அசை பிரிக்கும் நிரலை உருவாக்கினார். 1983இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்க் லியாங் வகுத்த எழுத்துக்கோவை முறை, பின்னர் டச்சுக்கும் பயன்பட்டது. ஆயினும் புதுக் கூட்டுச்சொற்கள் நாளும் பிறப்பதால் எந்தப் பட்டியலும் முழுமையாவதில்லை. 'க்வார்ட்-ஸ்லாஹென்' என்றால் கால் சுற்றுகள். 'க்வார்ட்ஸ்-லாஹென்' என்றால் குவார்ட்ஸ் அடுக்குகள். இரண்டும் எழுத்தில் ஒன்றே. அழுத்தமும் இரண்டிலும் முதல் அசையிலேயே விழும். அங்கே பிரிக்கும் இடத்தைப் பொருள் மட்டுமே காட்டும்.