சில்லுக்குள்ள ஒரு மோட்டர்

ஹைபிரிட் கார் எண்டவுடன எங்களுக்கு ஞாபகம் வாறது பிரியஸும் அக்குவாவும்தான். ஜப்பான்காரன் கண்டுபிடிச்ச சாமான் எண்டுதான் கனபேர் நினைக்கிறம். ஆனால் அந்த யோசனைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

1900 இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில், வியன்னாவின் லோனர் நிறுவனம் ஒரு மின்சாரக் காரைக் காட்டியது. வடிவமைத்தவர் பேர்டினன்ட் போர்ஷே. அப்போது வயது 24. முன்சில்லு இரண்டுக்குள்ளும் மோட்டர். செயினும் இல்லை, கியர்ப்பெட்டியும் இல்லை. தலையிடி பற்றரிதான்: ஈயப் பற்றரி மட்டும் 400 கிலோவுக்கு மேல். ஆகவே பெற்றோல் எஞ்சினையும் ஜெனரேற்றரையும் அவர் சேர்த்தார். எஞ்சின் சில்லைச் சுற்றாது. மின்சாரம் மட்டும் உண்டாக்கும். அந்தக் காருக்கு லத்தீனில் 'எப்போதும் உயிரோடு' என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் நிலைக்கவில்லை. கார் பாரம், விலையும் கூட. 1908 இல் ஃபோர்டின் மொடல் ரீ மலிவாக வந்தது. 1912 இல் கடிலாக் கார் மின் ஸ்ராட்டரோடு வர, கைபிடியால் சுற்றி ஸ்ராட் பண்ணுற கரைச்சலும் போயிற்று. பெற்றோல் கார் வென்றது. போர்ஷேயின் முறையை விடாமல் வைத்திருந்தது இராணுவம்தான். முதலாம் உலகப் போரில் ஆஸ்திரியப் படையின் பெரிய பீரங்கிகளை இழுத்த வண்டித்தொடரில், முன்வண்டியில் ஜெனரேற்றர், பின்வண்டிகளின் சில்லுகளுக்குள் மோட்டர்.

பிறகு 1970களின் அமெரிக்கா. காற்று மாசைக் குறைக்க அரசு ஒரு திட்டம் தொடங்கியது. விக்டர் வூக் என்ற பொறியியலாளரும் அவருடைய நண்பர் சார்ள்ஸ் ரோசனும் 1972 ஆம் ஆண்டு பியூக் ஸ்கைலார்க் ஒன்றை எடுத்து, அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, சின்ன மஸ்டா எஞ்சினையும் மின்மோட்டரையும் பூட்டினார்கள். 1974 இல் அரச ஆய்வுகூடத்தில் சோதித்தபோது, புகையின் நச்சு வழமையான காரில் பத்தில் ஒரு பங்கிலும் குறைவு. எண்ணெய்ச் செலவு ஏறக்குறைய பாதி. ஆனாலும் அதிகாரிகள் திட்டத்தைக் கைவிட்டார்கள். பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997 இல். இடையில் போன இருபது வருசத்துப் புகையை ஆர் சுவாசிச்சது?

சில்லு மோட்டரும் திரும்பி வந்தது. அமெரிக்காவின் ரெனசியில் பேராசிரியர் சார்ள்ஸ் பெரியும் மாணவர்களும் 1994 ஆம் ஆண்டு ஹொண்டா ஒன்றின் பின்சில்லுகளுக்குள் மோட்டர் பொருத்தினார்கள். எஞ்சினில் கைவைக்கவில்லை. முன்சில்லை எஞ்சின் இழுக்க, சும்மா உருளும் பின்சில்லை மோட்டர் தள்ளும். டிக்கிக்குள் பற்றரி. நகரத்துக்குள் ஓடும் பழைய காருக்கு இது பொருந்தும். சில்லின் பாரம் கூடுவதால் குலுக்கம் கூடும், பிரேக்கையும் கவனிக்க வேண்டும். அதுவும் உண்மை.

இதை ஏன் நாங்கள் வாசிக்கவேணும்? பொருளாதாரத் தடைக்காலத்தில வடக்கில மண்ணெண்ணெய்யில கார் ஓட்டின சனம் நாங்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தின மெக்கானிக்மார் இங்க இருந்தவை. 2022 இல் பெற்றோல் வரிசையில நிண்டதும் நாங்கள்தான். கைத்திறன் எங்களுக்குப் பஞ்சமில்லை. வூக்குக்கும் அது பஞ்சமாக இருக்கவில்லை. அவரைத் தோற்கடித்தது கராஜ் இல்லை, கந்தோர். அடுத்த வரிசை வர முதல், பழைய காரை மாற்றுவதற்கான பாதுகாப்பு விதிகளையும் பரிசோதனையையும் கேட்டு வாங்க வேண்டியது எங்கட வேலை.