கழிவு மேட்டில் இரு அவரைக் குடும்பத்தார்

பள்ளத்தூர்ப் பக்கம் கண்மாய் உள்வாயை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலுக்கு யாரிடமும் நல்ல பெயர் இல்லை. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டித் தென்மாவட்டங்களில் பொக்லைன் வைத்தே அதைப் பிடுங்கினார்கள். தென் பிரான்சின் சான் லோரான் ல மினியேயில் நிலைமை நேர்மாறு. 1991-இல் மூடப்பட்ட ஈய, துத்தநாகச் சுரங்கத்தின் கழிவில், முழங்கால் உயரம்கூட எட்டாத அந்தில்லிஸ் வல்னரேரியா என்ற மஞ்சள் பூச்செடியை ஆராய்ச்சியாளர்கள் தேடித் தேடி விதைக்கிறார்கள்.

மரத்தையும் செடியையும் சேர்த்துப் பார்க்க வைப்பது வேர்முடிச்சு. கழிவு மேட்டில் பயிரை வாட்டுவது உலோக நஞ்சு மட்டுமல்ல, தழைச்சத்துப் பஞ்சமும்தான். மரமும் செடியும் வேர்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாவின் கூட்டோடு தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. ஆனால் உலோகம் மிகுந்தால் செடி வாடுமுன்பே முடிச்சு கெடும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரிய வேண்டும். வெளுத்திருந்தால் வேலை நடக்கவில்லை என்று பொருள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் சிவப்பைத் தருவது இரும்பு. தழைச்சத்தைப் பிடிக்கும் நொதிக்கோ இரும்போடு மாலிப்டினமும் வேண்டும். உலோகத்துக்கு அஞ்சும் உறுப்பு உலோகமில்லாமல் இயங்காது!

அந்தில்லிஸின் முடிச்சுக் கூட்டாளிக்கு 2009-இல் மீசோரைசோபியம் மெட்டாலிடூரன்ஸ் என்று பெயரிட்டார்கள். உள்ளே புகும் துத்தநாகத்தையும் காட்மியத்தையும் இறைத்து வெளியே தள்ளும் பாக்டீரியா அது. சீமைக்கருவேலின் கூட்டாளியை லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தார் அனல்மின் சாம்பல் மேட்டில் சோதித்து 2004-இல் எழுதினார்கள். சுரங்கக் கழிவு இல்லைதான். ஆனாலும் குரோமியமும் செம்பும் துத்தநாகமும் கலந்த, தழைச்சத்தற்ற மேடு. சாம்பலைத் தாங்கும் ரைசோபியத்தை ஏற்றிய கன்றுகள் செழித்தன. அதோடு, ஏற்றாத கன்றுகளைவிடக் கூடுதல் உலோகத்தையும் உடலில் சேர்த்துக்கொண்டன. பாக்டீரியா காவல் நின்று உலோகத்தைத் தடுக்கும் என்று எதிர்பார்த்தால், அது செடியைத் தெம்பாக்கி மேலும் வாங்க வைத்திருக்கிறது. அந்தில்லிஸும் அப்படித்தான்: உலர்ந்த இலையில் கிலோவுக்குப் பத்து கிராமுக்கு மேல் துத்தநாகம் ஏற்றும்.

தாங்கும் விதம் மட்டும் வேறு. அந்தில்லிஸில் சுரங்க மண்ணுக்கே பழகிய ஓர் இனக்கூட்டம்தான் இப்படி. சுத்தமான மண்ணில் வளரும் அதன் உடன்பிறப்புகளுக்கு இந்தத் திறம் கிடையாது. கருவேலோ எதற்கும் தனியாகப் பழகியதாகத் தெரியவில்லை. உப்பு, வறட்சி, சாம்பல் எல்லாம் அதற்கு ஒன்றுதான். கண்மாய்க்காரரின் எரிச்சலுக்கும் ஆய்வாளரின் ஆவலுக்கும் காரணம் அந்த ஒரே குணம் என்பது என் கணிப்பு.

இலை உதிர்ந்த பிறகுதான் வேற்றுமை பெரிதாகிறது. மொன்பெலியேயில் வேதியியலாளர் கிளோட் கிரிசோன், அந்தில்லிஸ் இலையின் துத்தநாகத்தை எடுத்து வேதிவினைகளுக்கான வினையூக்கியாக மாற்றியிருக்கிறார். நம் பக்கம் கருவேல் போவது கரிமூட்டத்துக்கு. நெற்றை ஆடு தின்கிறது. கண்மாய் மரமென்றால் அதனால் கேடில்லை. சாம்பல் மேட்டு மரமென்றால் உலோகம் எரிந்து மறையாது. சாம்பலிலோ புகையிலோ வெளியே வந்தே தீரும். அங்கே கருவேலை நடுவதற்கு நான் எதிரியில்லை. ஆனால் நடுகிற அன்றே வேலியும் போட வேண்டும். விறகு வியாபாரியை உள்ளே விடவும் கூடாது.