மொட்டையும் வழுக்கையும்: ஆண்களின் முடியிழப்பில் விருப்பத்தின் இடம்

முடிவெட்டி முடித்ததும் சலூன்காரர் தலைக்குப் பின்னால் ஒரு சிறு கண்ணாடியைப் பிடிப்பார். பிடரி ஒழுங்காக வந்திருக்கிறதா என்று காட்டத்தான். முப்பதை நெருங்கும் பலர் தம் உச்சந்தலையை முதன்முதலாகப் பார்ப்பது அதில்தான். "லேசா சொட்டை விழுது தம்பி" என்று அவர் சொல்வதில் கேலி ஏதுமில்லை. ஆனால் பாத்திரத்தின் நசுங்கலுக்கும் சொட்டை என்றே பெயர். பிறரைக் குறைகூறுவதும் சொட்டை சொல்வதுதான்.

தமிழில் மொட்டை போடுகிறோம், வழுக்கை விழுகிறது. முதல் வாக்கியத்தில் எழுவாய் ஆள், இரண்டாவதில் எழுவாய் வழுக்கை. முடியிழப்பு தரும் வேதனையை விளக்குவது போன முடியின் அளவு அல்ல, இந்த எழுவாய் மாற்றமே என்பது என் வாதம். மருத்துவம் அளவைத்தான் பார்க்கிறது. ஹாமில்டன் என்ற ஆய்வாளர் வகுத்து 1975இல் நார்வுட் என்பவர் திருத்திய அளவுகோல் வழுக்கையை ஏழு படிகளாகப் பிரிக்கிறது. முழு மொட்டை ஏழாம் படியையும் தாண்டியது. இருந்தும் பழனியில் முடி இறக்கி வருபவர் யாரும் கூனிக் குறுகுவதில்லை.

2007இல் வந்த 'சிவாஜி' படத்தில் ரஜினிகாந்த் தம் மொட்டைத் தலையை விரலால் தட்டியபோது அரங்கில் விசில் பறந்தது. அதே நடிகர் திரைக்கு வெளியே வழுக்கையோடு நடமாடுவதை எளிமை என்கிறோம். மறைக்க வேண்டிய ஒன்றை அவர் மறைக்கவில்லை என்ற எண்ணம் அந்தப் பாராட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

மொட்டை எப்போதும் பெருமை தந்ததில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். மொட்டையடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றுவது பழைய ஊர்த் தண்டனை. சில சாதிகளில் கைம்பெண்களின் தலையை மழித்த கொடுமை போன நூற்றாண்டிலும் தொடர்ந்தது. இவை என் வாதத்தை உடைக்கவில்லை. அங்கெல்லாம் முடிவெடுத்தவர் வேறொருவர்.

அமெரிக்காவில் ஆல்பர்ட் மேன்ஸ் 2012இல் வெளியிட்ட ஆய்வு என் வாதத்துக்கு அருகில் வருகிறது. ஒரே ஆளின் படத்தை முடியோடும், கணினியில் முடியை நீக்கியும் காட்டினார்கள். மழித்த தலையோடு இருந்தபோது அவர் ஏறத்தாழ ஓர் அங்குலம் உயரமாகவும், 13 விழுக்காடு வலிமை கூடியவராகவும் மதிப்பிடப்பட்டார். வயதும் கூடித் தெரிந்தது என்பது வேறு விஷயம். முடி மெலிந்துவரும் ஆண்களுக்கோ இந்த மிடுக்கு வாய்க்கவில்லை. மீந்ததையும் மழித்துவிடலாம் என்பது மேன்ஸின் யோசனை.

வழுக்கைக்கு வெட்கப்படுவதில் ஒரு முரண் உண்டு. பருவமடையுமுன் விரைநீக்கம் செய்யப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை, ஆண் ஹார்மோன் கொடுத்தால் அவர்களில் பரம்பரைப் போக்கு உள்ளவர்களுக்கு விழுகிறது என்று 1942இல் காட்டியவர் அதே ஹாமில்டன். ஆண்மையின் சுரப்பு செய்த வேலையைத்தான் பெண் பார்க்கப் போகும் வீட்டில் ஆண்மையின் குறையாகப் படிக்கிறார்கள். மாப்பிள்ளையின் புகைப்படம் நெற்றியோடு வெட்டப்படுவது அதனால்தான். பக்கவாட்டு முடியை வளர்த்து உச்சிமேல் படியவைப்பது, டோப்பா, தொப்பி, தினமும் இருவேளை மினாக்சிடில் என்ற முடி வளர்க்கும் மருந்து என எல்லாமே எழுவாய் இடத்தைத் திரும்பப் பிடிக்கும் முயற்சிகள். 2016இல் முடி நடும் சிகிச்சைக்குப் பின் சென்னை மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். விவரம் தெரியாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

மலிவான வழி ஒன்று இங்கே முன்பே இருக்கிறது. வழுக்கை விழத் தொடங்கியவர் ஒருநாள் முழுதாக மழித்துக்கொண்டு அலுவலகம் வருகிறார். "திருப்பதியா, பழனியா?" என்று கேட்கிறார்கள். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், யாரும் சிரிப்பதில்லை. சிலர் பிரசாதம் எங்கே என்றுகூடக் கேட்பார்கள். சில வாரங்களில் காதோரமும் பிடரியும் கறுக்கத் தொடங்கும். நடுவில் மட்டும் எதுவும் முளைக்காது.