மலைக்கு மிசின் வந்த கதை

"ஏஐ வந்தா எத்தனை பேருக்கு வேலை போகும்?" கெம்பஸில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இதே பேச்சுதான். நல்லதண்ணி, மஸ்கெலியா தோட்டப் பக்கத்து ஆட்களான எங்களுக்கு இது புதுக் கேள்வி இல்லை. தேயிலைக்கும் மிசினுக்கும் நூற்றைம்பது வருஷக் கதை இருக்கு.

1867ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். ஆரம்பத்தில் அவருடைய பங்களா வராந்தாதான் ஸ்டோர். கொழுந்தை மேசையில் பரப்பிக் கையாலேயே உருட்டினாங்க. 1872ல் அதுக்கு ஒரு மிசின் வந்தது. பிறகு காய வைக்க, சலிக்க என்று ஒவ்வொரு வேலைக்கும் மிசின் வந்தது. ஸ்டோருக்குள்ள கைவேலை குறைஞ்சது. ஆனா அந்த மிசின்களுக்குப் போட இன்னும் கொழுந்து வேணுமே? நோயில் அழிஞ்ச கோப்பி மலையெல்லாம் தேயிலை ஆச்சு. பறிக்க, தமிழ்நாட்டிலிருந்து இன்னும் இன்னும் சனம் வந்தது. லாபம் லண்டனுக்குப் போனது. லயம் லயமாவே இருந்தது.

சரி, கொழுந்து பறிக்க மட்டும் ஏன் இத்தனை காலம் மிசின் வரல? மலைச் சரிவு, ரெண்டு இலை ஒரு மொட்டு என்று காரணம் சொல்வாங்க. உண்மைதான். இன்னொரு காரணமும் இருக்கு: மிசினை விட எங்க அம்மாமாரின் கை மலிவு. அந்த மலிவு தானா வந்ததில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் எங்க ஆட்களை நாடற்றவங்களாக்கியது. அடுத்த வருஷம் வோட்டும் போச்சு. பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே சம்பளம் என்பதே 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் கிடைச்சது.

1992ல் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போனபோது மூன்று லட்சத்துக்கு மேல் தொழிலாளர்கள் இருந்தாங்க. இன்றைக்கு ஒன்றரை லட்சம்கூட இல்லை. பெடியன்கள் கொழும்புக் கடைகளுக்கும், அக்காமார் மத்திய கிழக்குக்கும் போயிட்டாங்க. ஆள் குறைஞ்ச மலையில் இப்போ கத்தரியும் மிசினும் இறங்குது. இங்கே ஆளை முதலில் விரட்டியது சம்பளம். மிசின் அதுக்குப் பின்னாடிதான் வருது. கென்யாவின் கெரிச்சோவில் நேர்மாறு: வேலை போகுதே என்ற கோபத்தில் 2023 மே மாதம் கொழுந்து வெட்டும் மிசின்களுக்குத் தீ வைத்தாங்க.

மிசினை எரிக்கச் சொல்லி நாங்க கேக்கல. பல தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்திருக்கு, நல்லதுதான். ஆனா ஒரு பேர் விழ எத்தனை கிலோ வேணும் என்று தராசா சொல்லுது? 2021ல் நாள் சம்பளம் 1000 ரூபா ஆனதும் பல தோட்டங்களில் கிலோவையும் கூட்டினாங்க. அதை முடிவு செய்தது மனுஷர்கள். நாளைக்கு ஏஐ வந்து கொழுந்தை எண்ணினாலும் அந்த முடிவு மனுஷர் கையில்தான் இருக்கும். அந்த மேசையில் எங்க ஆள் இருக்கணும்.

இன்னொன்றும் இருக்கு. கொழும்பில் ஒருத்தருக்கு ஏஐயால் வேலை போனா சம்பளம் போகும். தோட்டத்தில் வேலை போனா லயத்துக் காம்பராவும் கேள்விக்குறி. இருநூறு வருஷமாகியும் பெரும்பாலான குடும்பங்களுக்கு வீட்டு உறுதி கிடையாது. அதனால மலையகத்தில் ஏஐ பற்றிப் பேசுறவங்க காணி உறுதி பற்றியும் சேர்த்துப் பேசணும். மிசின் வர முந்தி அது எங்க கைக்கு வரணும்.