முடியுடை வேந்தரும் பொய்முடியும்

முடி என்னும் சொல் தமிழில் தலைமயிரையும் உணர்த்தும். அரசர் சூடும் மகுடத்தையும் உணர்த்தும். ஐரோப்பிய வரலாற்றைக் கற்பார்க்கு இவ்விரு பொருளுக்குமிடையே நெருங்கிய தொடர்பொன்று உண்டென்பது புலனாகும். புறநானூற்றுப் புலவராகிய பிசிராந்தையார், ஆண்டு பல கழிந்தும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காட்டிய காரணங்களுள், தம் வேந்தன் முறை தவறாது காத்தலும் ஒன்றாகும். ஆங்கு அரசனது செங்கோல் குடிமகனின் தலையை நரையாது காத்தது. ஐரோப்பாவிலோ அரசரின் நரையும் வழுக்கையும் குடிகளின் தலைக்கோலத்தையே மாற்றின. ஒருவர் நாணத்தால் மறைத்த குறை, அவர் ஆளுவோராக இருந்தமையின், நாட்டு வழக்கமாயிற்று. ஈற்றில் அரசிறைக்கும் பொருளாயிற்று. அவ்வரலாற்றைச் சுருங்க நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரோமாபுரியில் இந்நாணம் தனிமனிதர் அளவிலேயே நின்றது. யூலியஸ் சீசர் (கி. மு. 100 - 44) தம் வழுக்கையால் மிக வருந்தினார் என்றும், உச்சியில் எஞ்சிய மயிரை முன்னோக்கி வாரிவிடுவார் என்றும் சுவெற்றோனியஸ் எழுதியுள்ளார். மூதவையும் மக்களும் அளித்த சிறப்புக்கள் யாவற்றுள்ளும், லோரல் இலைகளாற் புனைந்த வெற்றிமாலையை எந்நேரமும் சூடும் உரிமையையே அவர் பெரிதும் விரும்பினாராம். கி. மு. 44 இல் வெளிவந்த நாணயங்களில் மாலை சூடிய தலையே காணப்படுகின்றது. ஆயினும் கி. மு. 46 இல் நிகழ்ந்த வெற்றி விழாவில், அவருடைய போர்வீரரே அவர் வழுக்கையைச் சுட்டிக் கேலிப்பாட்டுப் பாடிச் சென்றனர். கி. பி. 69 இல் மூன்று திங்கள் மட்டும் ஆண்ட ஒதோ, பொய்முடி அணிந்திருந்தான். கி. பி. 81 முதல் 96 வரை ஆண்ட தொமிசியன், பிறர் வழுக்கையை எவரேனும் நகைப்பினும் தன்னையே நகைத்ததாகக் கொண்டு சினப்பான். கேசப் பராமரிப்புப் பற்றி நூலொன்றும் இயற்றி நண்பனொருவனுக்கு உரித்தாக்கினான். இவற்றைக் கூறும் சுவெற்றோனியஸ், தொமிசியனைப் பழிப்போர் மிக்கிருந்த பிற்காலத்தில் எழுதியவர் என்பதை நாம் மறத்தலாகாது. எனினும் தொமிசியனின் உருவச் சிலைகள் அடர்ந்த முடியுடனேயே அமைந்துள்ளமை சிந்தித்தற்குரியது. கல்லிலும் உலோகத்திலும் பேரரசனுக்கு வழுக்கை இல்லை.

பதினாறாம் நூற்றாண்டில் இம்மறைப்பு அரசிகளுக்கும் இன்றியமையாததாயிற்று. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்து தம் முதுமையில் செந்நிறப் பொய்முடி அணிந்தே அவையிலே தோன்றினார். அவராற் சிறைவைக்கப்பட்ட ஸ்கொத்லாந்து அரசி மேரி, 1587 பெப்ரவரி 8 இல் கொலைக்களத்தில் உயிர்நீத்தார். கொலையாளி துண்டித்த தலையை மயிர் பற்றித் தூக்கியபோது பொய்முடி மட்டும் அவன் கையில் தங்கிற்று. குறுகக் கத்தரித்த நரைத்த தலை வெளிப்பட்டது. அப்பொழுது மேரியின் வயது 44. எழுபது வயதினரைப் போல் நரைத்திருந்தார் எனக் கண்டோர் எழுதி வைத்தனர். ஏறத்தாழ 19 ஆண்டுச் சிறைவாழ்வை உலகின் கண்ணுக்கு மறைத்திருந்தது அப்பொய்முடியே.

இவ்வாறு மறைவாக இருந்த வழக்கம் வெளிப்படையான நாகரிகமாக மாறியது பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சிலேயாம். இளமையிலேயே முடி உதிரப்பெற்ற பதின்மூன்றாம் லூயி, 1620 களில் பொய்முடி அணியத் தொடங்கினார். அரசன் அணிந்ததை அவையோரும் அணிந்தனர். அவர் மகன் பதினான்காம் லூயி இளமையில் தம் இயற்கை முடியிற் பெருமை கொண்டவர். முடி குறையத் தொடங்கவே அவரும் 1670 களில் நீண்ட பொய்முடிக்கு மாறினார். பொய்முடி செய்வோர்க்கெனத் தனிச் சங்கமும் 1673 இல் அரச ஆணையால் அமைந்தது. வெர்சேய் அரண்மனையின் ஒளியிலே தலைகள் யாவும் ஒன்றுபோல் ஆயின. எத்தலையில் முடி உண்டு, எத்தலையில் இல்லை என அறிதல் அரிதாயிற்று.

இங்கிலாந்தில் இம்மாற்றம் நிகழ்ந்தவாற்றை ஏறக்குறைய நாள் குறித்தே கூற இயலும். கடற்படை அலுவலகத்தில் உயர்பதவி வகித்த சாமுவேல் பெப்பிஸ் என்பார், சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பு 1825 இல் முதன்முதல் அச்சேறியது. அதன்படி 1663 நவம்பர் 2 இல், யோர்க் கோமகன் தாம் பொய்முடி அணியப்போவதாகக் கூறவும், அரசரும் அணிவார் எனப் பிறர் கூறவும் கேட்டார் பெப்பிஸ். அன்றே இரண்டாம் சாள்ஸ் மன்னரின் தலை மிக நரைத்திருப்பதை முதன்முதலாக அவர் உற்று நோக்கினார். மன்னருக்கு அப்போது வயது 33. மறுநாளே பெப்பிஸ் தம் முடியை வெட்டுவித்துப் பொய்முடி அணிந்தார். அவர் தலை நரைத்திருந்ததன்று. முடியைத் தூய்மையாக வைத்திருத்தல் தொல்லையாயிருந்ததென்பதே அவர் கூறிய காரணம். எனினும் தம் முடியைப் பிரிதல் உள்ளத்தைச் சிறிது வருத்திற்று என்று எழுதினார். பொய்முடியின் விலை மூன்று பவுண். அடுத்த ஞாயிறன்று கோவிலிற் புகும்போது அனைவர் கண்களும் தம்மேற் பாயும் என அவர் அஞ்சினார். அவ்வாறு ஒன்றும் நிகழவில்லை. 1664 ஏப்ரலில் மன்னரைப் பொய்முடியுடன் கண்டபோது, அவர் தோற்றம் சிறிதும் மாறவில்லை என்றும் குறித்தார்.

இந்நாகரிகத்துக்கு வேண்டிய மயிர் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வறியோர் தலைகளிலிருந்தே வந்தது. நாட்டுப்புறப் பெண்கள் தம் கூந்தலை வணிகருக்கு விற்றனர். 1665 இல் இலண்டனில் கொள்ளைநோய் பரவியபோது இதன் கொடுமை வெளிப்பட்டது. நோய் பரவிய காலத்தில் வாங்கிய புதிய பொய்முடியை அணிய அஞ்சிப் பெப்பிஸ் நெடுநாள் வைத்திருந்தார். கொள்ளைநோயில் மாண்டோர் தலையிலிருந்து எடுத்த மயிராக இருக்குமோ என்று எவரும் வாங்கத் துணியார் என அவர் செப்டெம்பர் மாதத்தில் எழுதினார். மன்னரின் நரையை மறைத்த பொருள் மாண்டோரின் முடியாக இருத்தல் கூடும் என்ற எண்ணமே அந்நாகரிகத்தின் மறுபக்கத்தைக் காட்டப் போதியதாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பொய்முடிமேலும் இயற்கை முடிமேலும் வெண்பொடி தூவும் வழக்கம் ஓங்கிற்று. இருபது வயதினரும் அறுபது வயதினரும் ஒருங்கே வெண்டலையராயினர். நரையை மறைக்கத் தொடங்கிய நாகரிகம், அனைவரையும் நரைத்தோராக்கி நிறைவெய்தியது. அப்பொடி பெரும்பாலும் கோதுமை மாப்பொருளாற் செய்யப்பட்டது. பிரான்சுடன் போர் நிகழ்ந்து, கோதுமை அருகி, ஏழைகள் உணவின்றிக் கலகம் விளைத்த 1795 ஆம் ஆண்டில், பிரதம மந்திரி வில்லியம் பிற் மயிர்ப்பொடிக்கு வரி விதித்தார். பொடி அணிவோர் ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 சிலிங், செலுத்தி உரிமைச் சீட்டுப் பெறல் வேண்டும். அரச குடும்பத்தினர், வருவாய் குறைந்த குருமார், படைவீரர் முதலியோர்க்கு விலக்களிக்கப்பட்டது. வரி செலுத்தியோர் "கினிப் பன்றிகள்" என நகைக்கப்பட்டனர். எதிர்க்கட்சியைச் சார்ந்த பெட்போட் கோமகனும் நண்பரும் முடியைக் குறுக வெட்டிப் பொடியைத் துறந்தனர். வரி 1869 வரை சட்டத்தில் நிலைத்ததாயினும், வழக்கம் அதற்கு மிக முன்னரே அழிந்தது.

பிரான்சிற் புரட்சி அவ்வழக்கத்தை வேறு வகையால் முடித்தது. 1793 இல் கொலையுண்ட அரசி மரி அந்துவனெத்தின் கூந்தல் துயரால் திடீரென வெளுத்ததென அவருடைய பணிப்பெண் எழுதினார். வளர்ந்து வெளிவந்த மயிர் உயிரற்றதாதலின் ஓரிரவில் நிறம் மாறுதல் இயலாதென்பது இன்றைய வைத்தியர் கருத்து. கருமயிர் மட்டும் விரைந்து உதிரும் நோயொன்றால் எஞ்சிய நரை வெளித்தோன்றும் என்பர். அரசரை வீழ்த்திய உரொபெஸ்பியரோ 1794 இல் தாம் மாளும்வரை பொடியிட்ட தலையுடனேயே விளங்கினார். ஆட்சி மாறிய அளவில் தலைக்கோலம் மாறிவிடவில்லை.

மறைத்தலை விட்டு மீட்டலை நாடியது இருபதாம் நூற்றாண்டு. பருவமெய்துமுன் விதை நீக்கப்பட்டோர்க்கு வழுக்கை தோன்றாதென்பதைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். அதற்குக் காரணம் ஆண்மை ஓமோனும் குடிவழி இயல்பும் என்பதை 1942 இல் ஹமில்ற்றன் நிறுவினார். மயிர்மாற்று முறையை யப்பானிய வைத்தியர் ஒக்குடா 1939 இல் விளக்கினார். நியூயோர்க்கில் ஒரன்றைக் என்பார் 1952 இல் அத்தகைய சத்திரசிகிச்சையைத் தொடங்கி, 1959 இல் தம் முடிபுகளை வெளியிட்டார். பிடரியிலிருந்து எடுத்து முன்றலையில் நட்ட மயிர் தன் பழைய இயல்பை விடாது வளரும் என்பதே அவர் கண்ட உண்மை. குருதியமுக்கத்துக்கென ஆக்கப்பட்ட மினொக்சிடில் 1988 இலும், பினாஸ்ரரைட் 1997 இலும் வழுக்கைக்கு மருந்தாக அமெரிக்காவில் ஏற்கப்பட்டன.

இன்று அரசரின் இடத்தைத் திரை நடிகர் பெற்றுள்ளனர். 1962 இல் ஜேம்ஸ் பொண்டாகத் தோன்றிய ஷோன் கொனரி அப்பாத்திரத்தைப் பொய்முடியுடனேயே நடித்தார். 1951 இல் நாடக மேடைக்காகத் தலையை மழித்த யூல் பிரைனர் அக்கோலத்தையே தம் அடையாளமாக்கினார். நம்மவர் நன்கறிந்த ரஜினிகாந்த், திரையிற் கருமுடியுடன் தோன்றினும், பொதுமேடைகளில் வழுக்கையும் நரையும் மறையாது நிற்கின்றார். அதனால் அவர் புகழ் சிறிதும் குன்றவில்லை. 33 வயதிலே நரைத்த சாள்ஸ் மன்னரும் அவ்வாறே நின்றிருப்பின், மூன்று பவுண் கொடுத்த பெப்பிஸ் தம் முடியை இழந்திருக்க வேண்டியதில்லை. வறிய பெண்கள் பலரும் தம் கூந்தலை விற்றிருக்க வேண்டியதில்லை. பெருமக்கள் தம் மூப்பை மறைத்தற்குக் கொடுக்கும் விலையை அவர் மட்டுமே கொடுப்பதில்லை என்பதே இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பதாகும்.